முதலில் பாடத்தைக் கேளுங்கள், அப்புறம் செயலியைக் காட்டுங்கள்

ஆசிரியர்களுக்கான தொழில்நுட்பப் பயிற்சிகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும், அந்தப் பயிற்சிகளில் எங்கள் முன் நின்று பேசும் கருத்தாளர்களுக்கும்,

வணக்கம்.

வட சென்னையில், டி.எச். ரோட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். பொருள் வரவில்லை என்று புகார் சொல்ல இதை எழுதவில்லை. 2018இல் புதிய பாடநூல்கள் வந்தபோது அவற்றோடு கியூ.ஆர். கோடும் வந்தது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப், 2023இல் பாட வீடியோக்களுக்கான அரசின் மணற்கேணி செயலி, அடுத்த வருடம் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர் கையில் டேப், பல பள்ளிகளில் ஸ்மார்ட் போர்டு. இவ்வளவும் அரசுப் பள்ளிக்கு வரும் என்று நான் வேலையில் சேர்ந்தபோது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். பயிற்சியும் வராமல் இல்லை, வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் பயிற்சி முடிந்த மறுநாள் காலை ஏழாம் வகுப்புக்குள் நுழையும்போது, நேற்று கற்றதில் எதை எடுத்துக்கொண்டு போவது என்று தெரிவதில்லை. என் பேச்சு அதைப் பற்றி மட்டும்தான்.

பயிற்சி நாள் எப்படிப் போகும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். பெரிய ஹாலில் தமிழ் டீச்சர், கணக்கு சார், ஒன்றாம் வகுப்பு மிஸ், நான் என்று எல்லாரும் கலந்து உட்கார்ந்திருப்போம். முன்னால் ஒரு லேப்டாப், ஒரு புரொஜெக்டர். கருத்தாளர் ஒரு செயலியைத் திறந்து, இங்கே தொட்டால் இது வரும், அங்கே தொட்டால் அது வரும் என்று காட்டுவார். பின்வரிசைக்குத் திரை சரியாகத் தெரியாது என்பதால் ஸ்லைடுகளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வோம். சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னும் இரண்டு செயலிகள். சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்பில் கூகுள் ஃபார்ம் லிங்க் வரும்: பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா? எல்லாரும் ‘மிகவும்’ என்பதைத் தொட்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடுவோம். (வேறு எதையாவது தொட்டால் யாராவது போன் போட்டுக் காரணம் கேட்பார்களோ என்ற பயம் வேறு.) ஆன்லைன் பயிற்சி இன்னும் சுலபம். வீடியோ ஒரு பக்கம் ஓடும், வினாக்களுக்கான விடை ஏதாவது ஒரு குரூப்பில் வந்து விழும், சான்றிதழ் தானாக இறங்கும். அறிக்கையில் நூறு சதவீதம்.

கருத்தாளர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர்களில் பலர் எங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான். மேலிருந்து வந்த பி.பி.டி.யைக் கீழே இறக்குகிறார்கள். மாநில அளவில் சில நாள் நடப்பது வட்டாரத்துக்கு வரும்போது ஒரே நாளாகச் சுருங்கிவிடுகிறது. அப்படிச் சுருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது ஸ்லைடு இல்லை, நாங்கள் செய்து பார்க்கும் நேரம்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். இன்றைய இளம் ஆசிரியர்களில் பலர் 2011க்குப் பிறகு பள்ளியில் படித்து விலையில்லா மடிக்கணினி வாங்கியவர்கள். போனிலேயே வீடியோ எடிட் பண்ணுவார்கள், பிள்ளைகளின் ஆண்டு விழா நடனத்தை ரீல்ஸாகப் போடுவார்கள். பட்டன் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கும் சீனியர் டீச்சருக்கு பட்டன் தெரியாது, ஆனால் எந்தப் பாடத்தில் எந்த இடத்தில் பிள்ளை தடுக்கி விழும் என்பது கண்ணை மூடிக்கொண்டு தெரியும். இந்த இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து ஒரு பாடத்தைக் கையில் கொடுத்தாலே பாதிப் பயிற்சி முடிந்துவிடும். நீங்களோ இருவருக்கும் பட்டனைத்தான் காட்டுகிறீர்கள்.

நான் கேட்பது என்னவென்று ஒரு பாடத்தை வைத்துச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் மின்சுற்று. பேட்டரி, ஒயர், டார்ச் பல்பு. பல்பு எரிந்ததும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் கேட்டுப் பாருங்கள்: பல்புக்குள் போகிற மின்னோட்டமும் அதிலிருந்து வெளியே வருகிற மின்னோட்டமும் ஒரே அளவா? முக்கால்வாசி வகுப்பு, “இல்ல மிஸ், பல்பு கொஞ்சம் இழுத்துக்கும், மீதிதான் வெளிய வரும்” என்று சொல்லும். தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் மட்டும் இல்லை, பல நாடுகளிலும் பிள்ளைகள் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்று இயற்பியல் கல்வி ஆராய்ச்சியாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அசட்டு நினைப்பும் இல்லை அது. பேட்டரி தீர்ந்துபோகிறதே, அப்படியானால் ஏதோ செலவாகிறது என்றுதானே அர்த்தம்? பேட்டரியிலிருந்து குறைவது ஆற்றல். மின்னோட்டம் குறைவதில்லை. இந்த வித்தியாசத்தை கரும்பலகையில் எத்தனை அம்புக்குறி போட்டாலும் பிள்ளை மனதில் ஏற்ற முடிவதில்லை. ஒயருக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது, அதுதான் சிக்கல்.

திரை வேலை செய்யும் இடம் இதுதான். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ திட்டத்தில் மின்சுற்றுக்கு ஒரு சிமுலேஷன், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் மாதிரி, இருக்கிறது. இலவசம். இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். ஃபெட் சிமுலேஷன்கள் பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. அதில் சுற்றை அமைத்தால் எலக்ட்ரான்கள் புள்ளிகளாக நகர்வது தெரியும். பல்புக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே வேகம். ஒரு புள்ளிகூடக் காணாமல் போவதில்லை.

சரி, அதைப் போட்டுக் காட்டிவிட்டால் பாடம் முடிந்ததா? இல்லை. எப்போது போடுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முதலில் நிஜ ஒயர் வேண்டும். சிமுலேஷனில் ஒயர் தளராது, பேட்டரி முனையில் பச்சை பிடிக்காது. எங்கள் பக்கத்து உப்புக் காற்றில் இரண்டும் நடக்கும், அதையும் பிள்ளை பார்க்க வேண்டும். அப்புறம் தன் யூகத்தை நோட்டில் எழுதிப் பக்கத்துப் பிள்ளையோடு சண்டை போட வேண்டும். திரையின் முறை அதற்கு அப்புறம்தான். அதிலும் இரண்டாவது பல்பைச் சேர்ப்பதற்கு முன் நிறுத்தி, “இப்ப புள்ளி எல்லாம் என்ன ஆகும்?” என்று கேட்க வேண்டும். கேட்காமல் ஓட விட்டால் அதுவும் ஒரு கார்ட்டூன் படம்தான். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்ததும் ஓடவிட்டு, தோற்ற கட்சியையே ஏன் தோற்றோம் என்று பேச வைக்க வேண்டும். அதன் பிறகு திரையை அணைத்துவிட்டு, மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் இருந்தால் பல்புக்கு இரண்டு பக்கமும் வைத்து அளந்து பார்க்க வேண்டும். திரை ஓடுவது மொத்தத்தில் பத்து நிமிடம் இருக்கும்.

எங்கே நிறுத்துவது, என்ன கேட்பது, எப்போது அணைப்பது. பயிற்சி என்று நான் சொல்வது இவற்றைத்தான். நான் போன பயிற்சிகளில் ஃபெட் என்ற பெயர் வேறு ஏழெட்டு இணையதளங்களோடு சேர்ந்து ஒரு ஸ்லைடில் ஒரு வரியாக வந்துபோனது, அவ்வளவுதான்.

கல்வி ஆராய்ச்சியாளர்கள் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இலேயே இதை எழுதிவிட்டார்கள். பாடத்தைப் பற்றிய அறிவு, கற்பிக்கும் முறை பற்றிய அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடத்தில்தான் வேலை நடக்கிறது என்பது அவர்கள் வாதம். அதற்கு இருபது வருடம் முன்னால் கல்வியாளர் லீ ஷுல்மன், பாடம் தெரிவது வேறு, அந்தப் பாடத்தைப் பிள்ளைக்குப் புரியவைக்கத் தெரிவது வேறு என்று சொன்னதன் நீட்சி அது. பி.எட். படித்தவர்களுக்கு இது புதிதல்ல. மூன்று வட்டம் வரைந்து மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். உங்கள் பயிற்சியின் முதல் ஸ்லைடிலும் அதே மூன்று வட்டம் வரும். இரண்டாவது ஸ்லைடிலிருந்து தொழில்நுட்பம் என்ற ஒரே வட்டம்தான் மிஞ்சும்.

பொருளை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் முழுக்க உதாரணம் இருக்கிறது. பள்ளிகளில் கணினிக்கு நிறையச் செலவு செய்த நாடுகளில் வாசிப்பிலும் கணிதத்திலும் அறிவியலிலும் குறிப்பிட்டுச் சொல்லும்படியான முன்னேற்றம் தெரியவில்லை என்று பொருளாதார ஒத்துழைப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி. 2015இல் அறிக்கை வெளியிட்டது. பெரு நாட்டில் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்துவிட்டு 2012இல் ஆராய்ந்து பார்த்தார்கள். கணக்கு மதிப்பெண்ணும் மொழி மதிப்பெண்ணும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். பள்ளிகளில் கணினிவழிக் கல்விக்கான திட்டம் 2001இல் ‘ஐடி அட் ஸ்கூல்’ என்று தொடங்கி, 2017இல் ‘கைட்’ என்ற நிறுவனமாக ஆனது. ஆசிரியர்களிலிருந்தே மாஸ்டர் ட்ரெய்னர்களை எடுத்தார்கள், கட்டற்ற மென்பொருளைத் தங்கள் பாடத்திட்டத்தோடு பொருத்திக்கொண்டார்கள், 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கும் வேலையை 2018இல் தொடங்கினார்கள். அங்கே எல்லாம் பிரமாதம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பொருள் வரும் முன்பே சொல்லித்தர ஆள் தயாராக இருந்தார்கள், அதுவும் வகுப்பெடுக்கிற ஆள்.

திரை வேண்டாத இடத்தில் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் எங்களுக்கு வேண்டும். விதை முளைப்பதற்கு ஈரத்துணியும் ஒரு கைப்பிடி பச்சைப்பயறும் போதும். மூன்றாம் நாள் பிள்ளை டப்பாவைத் திறந்து பார்க்கும்போது வரும் சத்தத்தை எந்த அனிமேஷனும் கொண்டு வராது. ஆனால் ஸ்மார்ட் போர்டு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடியது என்று கணக்குக் கேட்டால், ஆசிரியர் என்ன செய்வார்? பயறை மூடி வைத்துவிட்டு வீடியோவைப் போடுவார். எத்தனை மணி நேரம் என்று எண்ணாதீர்கள். எதற்காகப் போட்டீர்கள் என்று கேளுங்கள், அதற்குப் பதில் சொல்கிறோம்.

காற்று மாசு பாடத்துக்கு வருகிறேன். அந்தப் பாடத்துக்கு வீடியோ தேடினால் எங்கேயோ ஒரு ஊரில் ஏதோ ஒரு புகைபோக்கி வருகிறது. எங்கள் பிள்ளைகளில் சிலர் எர்ணாவூரிலிருந்தும் காட்டுக்குப்பத்திலிருந்தும் வருகிறவர்கள். அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கியை மொட்டைமாடியிலிருந்து பார்க்கிறவர்கள். சாம்பல் என்றால் என்னவென்று வீடியோ அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னல் விளிம்பில் ஒட்டும் பக்கம் மேலே இருக்கும்படி செல்லோ டேப்பை வைத்து, தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்திலிருந்து போனில் படம் எடுத்து, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதோடு சேர்த்துப் பட்டியல் போட்டால் அது அறிவியல். அந்தப் பட்டியலைக் கணினியில் வரைபடமாக்கக் கற்றுக்கொண்டால் அது தொழில்நுட்பம். சமூக அறிவியல் சார் கூகுள் எர்த்தில் எண்ணூர்க் கழிமுகத்தின் பழைய செயற்கைக்கோள் படங்களை வருடவாரியாக நகர்த்திக் காட்டினால், கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் எப்படியெல்லாம் மாறியிருக்கிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். தாத்தா வலை போட்ட இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று வீட்டில் போய்க் கேட்பார்கள். இதற்குப் புதுச் செயலி எதுவும் வேண்டாம். ஆனால் இப்படி ஒரு பாடத்தை யோசித்து எடுக்க இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார ஒரு மதியம் வேண்டும். அந்த மதியத்தைத்தான் பயிற்சி என்ற பெயரில் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறீர்கள்.

எங்கள் பள்ளித் தமிழ் டீச்சர் வாய்விட்டு வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குப் போனில் இருக்கும் சாதாரண ரெக்கார்டரை வைத்துக்கொள்கிறார். ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிப் பதிந்து, பிள்ளையையே கேட்கச் சொல்வார். ‘மழலை’ என்பதை ‘மளலை’ என்று வாசித்தவன் தானே நிறுத்தி, “மிஸ், இன்னொரு வாட்டி” என்பான். இதைவிட நல்ல தொழில்நுட்பப் பயன்பாட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் இது எந்த அறிக்கையிலும் ஏறாது, ஏனென்றால் இதற்கு லாகின் கிடையாது.

லாகின் என்றதும் நினைவுக்கு வருகிறது. வருகைப் பதிவு, உயரம், எடை, ஆதார், வங்கிக் கணக்கு, நலத்திட்டப் பொருள் வந்ததா வரவில்லையா என்று நாங்கள் திரையில் ஏற்றும் விவரங்களை எல்லாம் சேர்த்து, ஆசிரியர்கள் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று தயவுசெய்து கணக்கில் எழுதாதீர்கள். அது எழுத்தர் வேலை. தேவையாக இருக்கலாம், கற்பித்தல் ஆகாது. டேப் என்றாலே அலுப்பாகிப்போன ஆசிரியர்களை எனக்குத் தெரியும். காரணம் டேப் இல்லை.

வீட்டுப் போனையும் கொஞ்சம் யோசியுங்கள். ‘மாணவர் வீட்டில் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பார்க்கட்டும்’ என்று பயிற்சியில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். காசிமேட்டுப் பிள்ளையின் வீட்டில் அப்பாவோ அம்மாவோ விடிவதற்கு முன்பே மீன் ஏலத்துக்குப் போய்விடுவார்கள், போனும் கூடவே போய்விடும். திரும்பி வரும்போது சார்ஜ் இருக்காது, இல்லையென்றால் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் போன் மூத்தவனுக்கு. கொரோனா காலத்தில் கல்வித் தொலைக்காட்சி ஓரளவு போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், டிவி வீட்டை விட்டு வெளியே போகாது என்பதுதான். ஆகவே திரையில் நடக்க வேண்டியது பள்ளிக்குள்ளேயே நடக்கட்டும், வீட்டுக்கு நோட்டு போதும்.

சரி, என்ன செய்யலாம்? பாடவாரியாகப் பிரியுங்கள். ஏழாம் வகுப்பு அறிவியல் எடுப்பவர்கள் ஒரு குழு, மூன்றாம் வகுப்புக் கணக்கு எடுப்பவர்கள் ஒரு குழு. திருவொற்றியூரில் ஒரு குறுவள மையம் என்றால் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்தால் போதும், ஹால் தேவையில்லை, வகுப்பறையே போதும். எங்களை ஊருக்குள் கூப்பிடாமல் நீங்கள் எங்கள் பக்கம் வாருங்கள். 2021லிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது, தூரம் என்று இனிமேல் சொல்ல முடியாது. வந்தால் ஸ்லைடு வேண்டாம். எங்கள் போர்டில், எங்கள் பிள்ளைகளுக்கு, நீங்கள் ஒரு பாடத்தை எடுங்கள். நாங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறோம். மதிய வெயில் ஜன்னல் வழியாகத் திரையில் விழுந்து படம் வெளுத்துப்போவதை நீங்களும் பார்க்க வேண்டும். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒருவன் மட்டும் போர்டைத் தொட, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதை எப்படிச் சமாளிப்பது என்று எங்கள் கண்முன்னே செய்து காட்டுங்கள். சொதப்பினாலும் பரவாயில்லை. சொதப்பலில் இருந்து எப்படி மீள்வது என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்க விரும்புகிறோம்.

அப்புறம் மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடியும் வாருங்கள். இந்த முறை நாங்கள் எடுக்கிறோம், நீங்கள் பின்னால் உட்காருங்கள். விளக்கிச் சொல்வதும் செய்து காட்டுவதும் மட்டும் போதாது, கூடவே இருந்து வழிகாட்ட ஆள் இருந்தால்தான் கற்றது வகுப்பறைக்குள் வரும் என்று ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த ப்ரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே எழுதியிருக்கிறார்கள். அப்படிக் கூட இருப்பதற்கென்றே நம்மிடம் ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளிக்கு வரும்போது பதிவேடுகளையும் பதிவேற்றங்களையும் சரிபார்க்கவே நேரம் போய்விடுகிறது. அந்தச் சுமையை இறக்கி, பாடம் பார்க்க அனுப்புங்கள். குற்றம் கண்டுபிடிக்க வருகிறவராக இல்லாமல், கூட யோசிக்க வருகிறவராக வரட்டும்.

இப்போது ஏ.ஐ. வந்துவிட்டது, அதற்கும் பயிற்சி வரப்போகிறது. பாடக்குறிப்பு ஒரு நிமிடத்தில் தயார் என்று காட்டுவீர்கள். எழுதித்தரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நம் பாடநூலில் இல்லாத கலைச்சொல்லைப் போடும், தவறான விடையை அடித்துச் சொல்வதுபோலச் சொல்லும். அது எழுதித்தந்த பத்து வினாக்களில் எது தவறு என்று கண்டுபிடிக்கும் பயிற்சியை முதலில் வையுங்கள். பாடக்குறிப்பு எங்களுக்கு எழுதத் தெரியும்.

சாதனங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. எச்.டி.எம்.ஐ. கேபிள் தளர்ந்தால் யாரிடம் சொல்வது, டேட்டா தீர்ந்தால் யார் போடுவது, போர்டு இருக்கும் அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினால் போதும். கணினிகளைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கம் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த பயிற்சிக்கான சுற்றறிக்கையில் தேதிக்கும் இடத்துக்கும் கீழே ஒரு வரி சேருங்கள்: ‘இந்தப் பருவத்தில் உங்கள் மாணவர்கள் அதிகம் தடுமாறும் பாடம் எது என்று எழுதி, அவர்களின் நோட்டு இரண்டோடு வரவும்.’ அந்த நோட்டுகளைப் பார்த்த பிறகு எந்தச் செயலியைத் திறப்பது, திறக்கவே வேண்டாமா என்று எல்லாரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடும் தேவைப்படாது.

இப்படிக்கு,
வட சென்னையில் அறிவியல் நடத்தும் ஒரு பட்டதாரி ஆசிரியை